வென்றவர் தீட்டிய மந்திரி

டிரெஸ்டன் நகரில் எல்பா ஆற்றின் கரையை ஒட்டி உயரமான நடைமேடை ஒன்று உண்டு. ஒருகாலத்தில் கோட்டை மதிலாக இருந்தது, இன்று ஊர் பார்க்க வருகிறவர்கள் மாலையில் காலாற நடக்கும் இடம். ‘புரூல் டெரஸ்’ என்று அதற்குப் பெயர். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாக்சனி நாட்டின் ஆட்சியை ஏறத்தாழ 25 ஆண்டுகள் தன் கைக்குள் வைத்திருந்த ஹைன்ரிக் ஃபான் புரூல் பிரபுவின் பெயர்தான் அது. ஊருக்குள் நிலைத்துவிட்ட அதே பெயருக்கு வரலாற்று நூல்களில் வேறு மதிப்பு. ஊதாரி, முகத்துதிக்காரர், கஜானாவைச் சுரண்டிக் கொழுத்தவர், வளமான நாட்டைப் பிரஷ்யாவின் காலடியில் கிடத்தியவர் என்றே பல தலைமுறைகளாக அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இந்தச் சித்திரம் எங்கிருந்து வந்தது, ஆவணங்களோடு அது எவ்வளவு ஒத்துப்போகிறது, ஒத்துப்போகாத இடங்களில் குற்றம் யாருடையது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். புரூலுக்கு நற்சான்று கொடுப்பது எண்ணமில்லை. அவர் செய்த பிழை பெரியது. ஆனால் அவர்மேல் வழக்கமாகச் சாட்டப்படும் பிழை வேறு, உண்மையில் செய்த பிழை வேறு.

1700 ஆகஸ்ட் 13 அன்று துரிங்கியா வட்டாரத்தில் நொடித்துப்போன ஒரு பிரபுக் குடும்பத்தில் புரூல் பிறந்தார். தந்தை வைசென்ஃபெல்ஸ் என்ற சிற்றரசின் அரண்மனையில் அதிகாரி. குடும்பத்துக்குப் பட்டம் இருந்தது, வருமானம் இல்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குத் திறந்திருந்த வழி அரண்மனைச் சேவகம் ஒன்றே. 1719இல் டிரெஸ்டனுக்கு வந்து, ‘பலசாலி அகஸ்டஸ்’ என்று பெயர்பெற்ற அரசரின் பணிப்பையன்களில் ஒருவராகச் சேர்ந்தார். சாக்சனியின் அரசருக்கு ‘எலெக்டர்’ என்று பட்டம். ஜெர்மானியப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற சிலரில் அவர் ஒருவர். அகஸ்டஸ் அதற்கு மேல் போலந்து நாட்டுக்கும் மன்னர். புரூலின் சுறுசுறுப்பும் நினைவாற்றலும் இனிய பேச்சும் மன்னருக்குப் பிடித்துப்போயின. 1731இல் வரித்துறையின் தலைமை கிடைத்தது. 1733 பிப்ரவரி 1 அன்று மன்னர் வார்சாவில் இறந்தபோது புரூல் அங்கேயே இருந்தார். மன்னரின் காகிதங்களையும் அணிமணிகளையும் கையோடு எடுத்துக்கொண்டு டிரெஸ்டனுக்கு விரைந்து, வாரிசான மூன்றாம் அகஸ்டஸிடம் ஒப்படைத்தார். புதிய மன்னரின் நம்பிக்கையை அந்த ஒரு பயணத்தில் சம்பாதித்துக்கொண்டார். 1738இல் போட்டியாளரான சுல்கோவ்ஸ்கி பிரபு பதவி இழந்தார். 1746இல் சாக்சனியின் முதல் பிரதம மந்திரி என்ற பட்டமே புரூலுக்கு வந்தது.

இந்த ஏற்றத்தில் கவனிக்க வேண்டியது அதன் அடித்தளம். புரூலுக்குப் பின்னால் கட்சியோ படையோ பெரிய பூர்வீக நிலமோ இல்லை. அரசரின் விருப்பம் ஒன்றுதான் அவருடைய முதல். மூன்றாம் அகஸ்டஸ் கெட்டவர் அல்லர். குடும்பத்தின்மேல் பற்றுள்ளவர், ஓவியத்திலும் இசை நாடகத்திலும் ஆழ்ந்த ரசனை உடையவர், வேட்டைப் பிரியர். அன்றாட ஆட்சிப் பணி மட்டும் அவருக்குச் சுமையாக இருந்தது. கையில் காசு இருக்கிறதா என்று அவர் கேட்பார், இருக்கிறது என்று புரூல் சொல்வார், அத்தோடு நிதிநிலை ஆய்வு முடிந்துவிடும் என்று ஒரு கதை உண்டு. கதை நடந்ததோ இல்லையோ, அந்த ஆட்சியின் இயங்குமுறையை அது சரியாகவே காட்டுகிறது. மன்னருக்கு வேண்டியது கவலையற்ற பொழுது. அதைத் தந்துகொண்டிருக்கும்வரை மந்திரிக்குப் பதவி. இப்படி அமைந்த ஆட்சியில் மந்திரியின் முதல் வேலை நாட்டை நடத்துவது அல்ல, மன்னரின் அருகிலிருந்து அகலாமல் இருப்பது. மன்னர் போலந்துக்குப் போனால் புரூலும் போனார், வேட்டைக்குப் போனால் அங்கேயும் போனார்.

அவரைப் பற்றிய கறுப்புச் சித்திரத்தை முதலில் தீட்டியவர் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக். இருவருக்கும் அறிமுகம் பழையது. 1730இல் ட்ஸைட்ஹைனில் பலசாலி அகஸ்டஸ் நடத்திய மாபெரும் படை முகாமுக்குப் பிரஷ்ய அரசர் தன் மகனோடு விருந்தினராக வந்தார். ஏறத்தாழ 30,000 வீரர்களின் அணிவகுப்பு, வாணவேடிக்கை, 1.8 டன் எடையுள்ள ஒற்றை ரொட்டி என்று ஐரோப்பாவே பேசிய விழா அது. அதன் ஏற்பாடுகளில் கைகொடுத்தவர்களில் இளம் புரூலும் ஒருவர். 18 வயது இளவரசர் ஃபிரெடரிக்கைத் தந்தை பலர் முன்னிலையில் அடித்து அவமானப்படுத்தியதும் அந்த முகாமில்தான். பின்னாளில் ஃபிரெடரிக் எழுதிய வரலாற்று நூல்களில் புரூல் வருகிறார்: அந்த நூற்றாண்டிலேயே மிக அதிகமான உடைகளும் கடிகாரங்களும் சரிகைகளும் காலணிகளும் வைத்திருந்த மனிதராக. பொய்முடிகள் எத்தனையோ உண்டு, வைக்கத் தலைதான் இல்லை என்ற கேலியும் ஃபிரெடரிக் பெயரில் உலவுகிறது. போர்க்காலத்தில், 1760களின் தொடக்கத்தில், யுஸ்டி என்ற பொருளாதார எழுத்தாளர் புரூலின் வாழ்க்கையும் குணமும் என்று வசை நூலே எழுதினார். அதுவும் பிரஷ்யாவின் பக்கம் நின்று எழுதப்பட்டது.

ஃபிரெடரிக்குக்கு இந்தச் சித்திரம் ஏன் தேவைப்பட்டது என்று கேட்டால் விடை 1756இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று, போர் அறிவிப்பு எதுவும் இல்லாமல், பிரஷ்யப் படை சாக்சனிக்குள் நுழைந்தது. இதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே டிரெஸ்டன் அமைச்சகத்தில் மென்ட்ஸல் என்ற எழுத்தர் பிரஷ்யாவின் சம்பளத்தில் வேவு பார்த்துவந்தார். கடன் தொல்லையில் சிக்கியிருந்த அந்த மனிதருக்குக் கள்ளச் சாவிகள் பிரஷ்யாவிலேயே செய்து கொடுக்கப்பட்டன. ரகசிய அலமாரிகளைத் திறந்து, கடிதங்களை எடுத்து, படி எடுத்தபின் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவது அவர் வேலை. படையெடுப்பை நியாயப்படுத்த அந்தக் கடிதங்களின் மூலங்கள் ஃபிரெடரிக்குக்குத் தேவைப்பட்டன. ஆவண அறையை அரசி மரியா யோசெஃபாவே காக்க முயன்றும் பயனில்லை, பிரஷ்ய அதிகாரிகள் அறையைத் திறந்து எடுத்துக்கொண்டார்கள். பிரஷ்ய அதிகாரி ஹெர்ட்ஸ்பெர்க் அவற்றைத் தொகுத்து ஒரு விளக்க நூலாக அச்சிட்டு ஐரோப்பா முழுவதும் பரப்பினார். ஒரு நாட்டை வலியச் சென்று விழுங்கியவர் தற்காப்புக்காகவே விழுங்கினேன் என்று சொல்ல வேண்டுமானால், எதிரில் சதிகாரன் ஒருவன் இருந்தாக வேண்டும். புரூலுக்கு அந்த வேடம் கொடுக்கப்பட்டது.

அந்த ஆவணங்கள் என்ன நிரூபித்தன? பிரஷ்யாவின்மேல் புரூலுக்கு இருந்த பகையை நிரூபித்தன. வியன்னாவிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் அவர் ஃபிரெடரிக்குக்கு எதிராகத் தூபம் போட்டதையும் காட்டின. ஆனால் ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் 1746இல் செய்துகொண்ட உடன்படிக்கையில் சாக்சனி கையெழுத்திட்டது என்று அவற்றால் காட்ட முடியவில்லை, ஏனென்றால் அது கையெழுத்திடவே இல்லை. பலமுறை அழைத்தும் புரூல் நழுவிக்கொண்டே இருந்தார். எதிரியின் முன் நேராக நிற்கும் துணிவு இல்லாமல், எதிரியைப் பிறர் அடிக்கட்டும் என்று காத்திருந்தவரின் கடிதங்கள் அவை. அதற்குக் கோழைத்தனம் என்று பெயர் சூட்டலாம், படையெடுப்பைத் தூண்டிய சதி என்று சொல்ல முடியாது.

முதல் ஆட்சேபணை இங்கே எழும். பிரஷ்யப் பிரசாரம் ஒருபக்கம் இருக்கட்டும், அவர் சேர்த்த செல்வம் பொய்யா? பொய்யில்லை. மைசன் பீங்கான் தொழிற்சாலையின் நிர்வாகம் அவர் கையில் இருந்தது, விரும்பியதை விலையின்றி வரவழைத்துக்கொள்ளும் உரிமையை மன்னர் தந்திருந்தார். 1737 முதல் 1742 வரை சிற்பி கேண்ட்லரும் உதவியாளர்களும் அவருக்காகச் செய்த ‘அன்னப் பாத்திரத் தொகுதி’யில் 2,200க்கும் மேற்பட்ட உருப்படிகள். நூறு பேர் அமர்ந்து சாப்பிடும் பந்திக்கானது. வெள்ளைத் தட்டின் நடுவே நீரலைபோல் மெல்லிய மேடுபள்ளம், அதில் இரண்டு அன்னங்கள், நாணல், மேலே பறக்கும் கொக்கு. விளிம்பில் புரூல் குடும்பத்தின் சின்னமும் அவர் மனைவியான கோலோவ்ராட் குடும்பத்தின் சின்னமும். வண்ணத்தை ஏறத்தாழ முழுவதும் விட்டுவிட்டு, வெளிச்சம் படும்போது மட்டும் உருவம் தெரியும்படி செய்த வேலை. ஐரோப்பியப் பீங்கான் கலையின் உச்சங்களில் ஒன்று என்று இன்றும் கொண்டாடப்படுகிறது. அரசுத் தொழிற்சாலையின் பல ஆண்டு உழைப்பு ஒரு மந்திரியின் சாப்பாட்டு மேசைக்குப் போயிற்று என்பதும் உண்மை. இதைத் திருட்டு என்று சொல்லலாமா என்பதுதான் கேள்வி. 1763இல் புரூல் இறந்தபின் அவருடைய சொத்து முடக்கப்பட்டு, கணக்குகள் விசாரிக்கப்பட்டன. புதிய ஆட்சியாளர்கள் அவருக்கு வேண்டியவர்கள் அல்லர். அப்படியிருந்தும் கிடைத்த முடிவு, அந்தச் செல்வம் மோசடியால் வந்ததைவிட மன்னரின் தாராளத்தால் வந்ததே அதிகம் என்பதுதான். சொத்தின் பெரும்பகுதி வாரிசுகளுக்குத் திரும்பியது.

இரண்டாவது ஆட்சேபணை கடனைப் பற்றியது, இது முன்னதைவிட வலுவானது. பழைய கடனை அடைக்கப் புதிய கடன், அதன் வட்டிக்கு இன்னொரு கடன் என்று புரூலின் நிதி நிர்வாகம் ஓடியது. 1745இல் கெஸல்ஸ்டோர்ஃப் போரில் சாக்சனி தோற்று, கிறிஸ்துமஸ் அன்று கையெழுத்தான டிரெஸ்டன் உடன்படிக்கைப்படி பிரஷ்யாவுக்கு 10 லட்சம் தாலர் வெள்ளி நாணயம் கொடுக்க வேண்டியதாயிற்று. அதே 1745இல்தான் மொடேனா கோமகனிடமிருந்து 100 ஓவியங்களை 1 லட்சம் தங்க நாணயங்களுக்கு வாங்கும் ஒப்பந்தமும் ஆனது. தோற்றுக்கொண்டிருந்த ஒரு நாடு தங்கத்தை எண்ணி ஓவியம் வாங்கியது என்பதற்குச் சமாதானம் சொல்வது கடினம். 1754இல் ரஃபேலின் ‘சிஸ்டைன் மடோனா’வும் பியாசென்ஸாவிலிருந்து வந்துசேர்ந்தது. ஆனால் ஓவியங்களை விரும்பியவர் மன்னர். அவை தொங்கியதும் மன்னரின் காட்சிக்கூடத்தில். மந்திரியின் குற்றம், வேண்டாம் என்று சொல்லாதது.

கடனுக்கு இன்னொரு வாசலும் இருந்தது. மதிப்பிழந்துகிடந்த சாக்சனி வரித்துறைப் பத்திரங்களைப் பிரஷ்யக் குடிமக்கள் வைத்திருந்தால் முழு முகமதிப்பையும் தர வேண்டும் என்று டிரெஸ்டன் உடன்படிக்கை விதித்தது. விளைவை யாரும் ஊகிக்கலாம். சந்தையில் பத்திரத்தைக் குறைந்த விலைக்கு வாங்கி, பெர்லின்காரர் பெயரில் காட்டி, முழுப்பணம் கறந்தார்கள். இந்த வணிகம் எவ்வளவு கொழுத்தது என்றால், 1750இல் ஃபிரெடரிக்கின் விருந்தாளியாக வந்திருந்த வோல்டேரே ஹிர்ஷல் என்ற வியாபாரியின் மூலம் இதில் கைவைத்து, வழக்கு மன்றம்வரை போய்ப் பெயரைக் கெடுத்துக்கொண்டார். சாக்சனியின் கடனில் புரூலின் ஊதாரித்தனத்துக்கு ஒரு பங்கு உண்டு என்றால், வென்றவர் விதித்த ஷரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. கேலி எழுதிய அரசர் அந்தப் பங்கைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்றாவது ஆட்சேபணை படை. கடன் சுமையைக் குறைக்கப் புரூல் தேர்ந்தெடுத்த வழி ராணுவத்தைக் குறைப்பது. 1756இல் பிர்னாவுக்கும் கோனிக்ஸ்டைன் கோட்டைக்கும் இடையே வளைக்கப்பட்டபோது சாக்சனியிடம் இருந்தது 20,000க்கும் குறைவான வீரர்கள். ரொட்டி தீர்ந்தது. உதவிக்கு வந்த ஆஸ்திரியப் படை அக்டோபர் 1 அன்று லோபோஸிட்ஸில் தடுக்கப்பட்டது. அக்டோபர் நடுவில் சாக்சனிப் படை சரணடைந்தது. அந்த வீரர்களை ஃபிரெடரிக் அப்படியே தன் ராணுவத்தில் சேர்த்துப் பிரஷ்யச் சீருடை மாட்டினார், அவர்களில் பெரும்பகுதியினர் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் ஓடிப்போனார்கள். படையைக் குறைத்தது பெரும் பிழை என்று சொல்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். பிரஷ்யாவிடம் அப்போது 1,50,000 அளவில் படை இருந்தது, சாக்சனி தன் படையை இரண்டு மடங்காக்கியிருந்தாலும் தனியே நின்று தாங்கியிருக்காது. அடுத்து, பிரஷ்ய அரசரைப்போலச் சாக்சனி அரசர் நினைத்தபடி வரி விதிக்க முடியாது, பிரபுக்களும் நகரங்களும் அமர்ந்த மன்றத்தின் சம்மதம் வேண்டும். லைப்சிக் சந்தையால் வாழ்ந்த வணிக நாட்டைப் படைமுகாமாக மாற்ற அந்த மன்றம் சம்மதித்திருக்காது. ஆனாலும் ஒரு குறை எஞ்சுகிறது. படையைக் குறைக்கிறவர் பகையையும் குறைத்திருக்க வேண்டும். புரூல் படையைக் குறைத்துக்கொண்டே பகையை வளர்த்தார். நாட்டின் பலத்துக்கும் நாட்டின் கொள்கைக்கும் பொருத்தமில்லாமல் போன இந்த இடமே அவருடைய வெளியுறவின் உண்மையான ஓட்டை.

அந்தப் பகை எங்கிருந்து பிறந்தது என்று பார்த்தால் நிலப்படம் பதில் சொல்லும். சாக்சனி ஒருபுறம், போலந்து இன்னொருபுறம், நடுவே சிலேசியா. இரண்டுக்கும் அரசர் ஒருவரே என்றாலும் சொந்த மண் வழியாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக முடியாது. 1740இல் சிலேசியாவை ஃபிரெடரிக் பறித்துக்கொண்டபோது அந்தக் கதவுக்கு அவர் கையில் பூட்டு வந்துவிட்டது. சிலேசியாவுக்காக நடந்த முதல் போரில் சாக்சனி பிரஷ்யாவோடு சேர்ந்தது, மொராவியா கிடைக்கும் என்ற நம்பிக்கையில். ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாவது போரில் ஆஸ்திரியாவோடு சேர்ந்து அடி வாங்கியது. மத்தளத்துக்கு இருபுறமும் இடி என்பதுபோல, இரு வல்லரசுகளின் நடுவே நின்ற நாட்டுக்கு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நட்டம் காத்திருந்தது. இந்த நெருக்கடியைப் புரூல் உருவாக்கவில்லை. போலந்து முடிக்காகக் கத்தோலிக்க மதத்துக்கு மாறிய பலசாலி அகஸ்டஸ் 1697இல் எடுத்த முடிவின் மிச்சம் அது. அந்த முடியும் வெறும் அலங்காரமாகவே இருந்தது. மூன்றாம் அகஸ்டஸின் 30 ஆண்டு ஆட்சியில் போலந்து நாடாளுமன்றம் ஒரே ஒருமுறை, 1736இல், தன் கூட்டத்தை முறையாக நடத்தி முடித்தது. புரூலின் ராஜதந்திரம் வென்ற களம் திருமணப் பந்தல். அரச குடும்பத்துப் பெண்களில் ஒருவர் நேப்பிள்ஸ் அரசி ஆனார், இன்னொருவர் 1747இல் பிரான்ஸ் பட்டத்து இளவரசரை மணந்து பின்னாளில் பதினாறாம் லூயியின் தாயானார். ஐரோப்பாவின் முதல்தர அரண்மனைகளில் சம்பந்தம் கிடைத்தது, ஆனால் 1756இல் பிர்னா முகாமுக்கு அந்தச் சம்பந்திகளிடமிருந்து ஒரு மூட்டை மாவுகூட வரவில்லை.

புரூலின் பிழை எது என்பதை இப்போது சொல்லலாம். எல்லா அதிகாரத்தையும் தன் ஒருவரிடம் குவித்துக்கொண்டு, தன்னை மீறி யாரும் மன்னரிடம் பேச முடியாமல் செய்தார். வரித்துறை, கருவூலம், வெளியுறவு, பீங்கான் தொழிற்சாலை எல்லாம் ஒரே மேசையில் கிடந்தால், ஒன்றின் குறையை இன்னொன்று எடுத்துக்காட்ட வழியில்லை. இடித்துரைக்கும் அமைச்சர் அரசரின் அரண் என்று காலங்காலமாகச் சொல்கிறோம். புரூல் இடித்துரைக்கவும் இல்லை, இடித்துரைக்கக்கூடிய வேறொருவரை விட்டுவைக்கவும் இல்லை. திறமையைக் கண்டுகொள்ளும் கண் அவருக்கு இருந்தது, அதைப் பேணும் மனம் இல்லை என்பதற்கு அவருடைய நூலகமே சாட்சி. 62,000 நூல்கள் இருந்த அந்த நூலகத்தில் 1753 முதல் படி எடுப்பவராக வேலை பார்த்தவர் கிறிஸ்டியான் ஹைன. ஆண்டுச் சம்பளம் 100 தாலர். வறுமையில் வாடியபடியே அங்கிருந்த பழைய நூல்களைக் கொண்டு லத்தீன் கவிஞர் டிபுல்லஸின் பதிப்பைத் தயாரித்து, 1755இல் புரூலுக்கே காணிக்கையாக்கினார். அதனால் அவர் நிலை உயரவில்லை. அந்த மனிதர்தான் பின்னாளில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போய், ஐரோப்பாவின் முதன்மையான செவ்வியல் அறிஞர்களில் ஒருவரானார்.

சீர்திருத்தம் அந்தக் காலச் சூழலில் நடக்கக்கூடியதே இல்லை என்று சொல்லி அவரைக் காப்பாற்ற முடியாது. அதற்குச் சான்று அவர் ஆட்சியின் கடைசி மாதங்களிலேயே கிடைக்கிறது. 1756 படையெடுப்பில் தொடங்கிய ஏழாண்டுப் போரில் பிரஷ்யா சாக்சனியிலிருந்து ஏறத்தாழ 5 கோடி தாலர் கறந்தது என்று வரலாற்றாளர்கள் மதிப்பிடுவதுண்டு. லைப்சிக் நாணயச் சாலையில் சாக்சனி, போலந்து முத்திரைகளிலேயே வெள்ளி குறைந்த நாணயங்களை அடித்து, அந்த நட்டத்தையும் நாட்டின் தலையில் கட்டினார்கள். மன்னரும் புரூலும் வார்சாவில் தங்கியிருந்த 1762இல், நாட்டை மீட்டெடுக்கும் வழிகளை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. தலைவர் தோமாஸ் ஃபான் ஃப்ரிட்ச், லைப்சிக் புத்தக வியாபாரி ஒருவரின் மகன், புரூல் பிறந்த அதே 1700இல் பிறந்தவர். கடனைத் தொகுத்துக் குறைந்த வட்டியில் ஒழுங்காக அடைப்பது, அரண்மனைச் செலவை வெட்டுவது, உழவையும் தொழிலையும் கல்வியையும் தூக்கி நிறுத்துவது என்று அந்தக் குழு போட்ட திட்டம் பத்து ஆண்டுகளுக்குள் பலன் தரத் தொடங்கியது. பணமும் ஆட்களும் அறிவும் நாட்டில் இருந்தன. கெஸல்ஸ்டோர்ஃபுக்குப் பிறகு, 1746இல், பிரதமர் பட்டம் ஏற்ற அதே ஆண்டில் இப்படி ஒரு குழுவை அமைத்திருக்கலாம். நாடு முழுவதும் பறிபோனபிறகுதான் அந்த யோசனைக்கு அரண்மனைக் கதவு திறந்தது. புரூலுக்கு எதிரான மிகக் கனமான சாட்சி ஃபிரெடரிக் எழுதிய வசை அல்ல, ஃப்ரிட்சின் இந்த அறிக்கைதான்.

அப்படியானால் உடைகளையும் பொய்முடிகளையும் பற்றிய கதை ஏன் இத்தனை காலம் நிலைத்தது? அது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. ஃபிரெடரிக்குக்குப் படையெடுப்பின் நியாயம் கிடைத்தது. சாக்சனி அரச குடும்பத்துக்கு மூன்றாம் அகஸ்டஸின் பெயரைக் காப்பாற்ற வழி கிடைத்தது. கெட்ட மந்திரி இருந்தால் நல்ல அரசர் ஏமாந்துபோகலாம் அல்லவா? வரிக்கு ஒப்புக்கொண்ட மன்றத்துப் பிரபுக்களின் பொறுப்பும் மறைந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரஷ்யாவின் தலைமையில் ஜெர்மனி ஒன்றானபோது, சிக்கனமான பிரஷ்யாவும் ஊதாரி சாக்சனியும் என்ற எதிர்நிலை பாடநூலுக்கு ஏற்றதாக இருந்தது. போலந்து நாவலாசிரியர் கிராஷெவ்ஸ்கி புரூலை ஒரு நாவலின் மையமாக்கினார். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது, ஒரு திருத்தத்தோடு: இங்கே பழி சேர்ந்த இடத்திலும் பாவம் கொஞ்சம் இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் அவரைக் கலைப் புரவலராக மட்டும் காட்டி மீட்க முயன்றவர்கள் அந்தக் கொஞ்சத்தைக் கண்டுகொள்ளவில்லை. மந்திரியை அரக்கனாக்குவதும் ரசிகனாக்குவதும் ஒரே கேள்வியைத் தட்டிக்கழிக்கின்றன. யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியில்லாத ஒரு பதவியை எப்படி உருவாக்கினார்கள் என்பது அந்தக் கேள்வி.

1763 அக்டோபர் 5 அன்று மன்னர் இறந்தார். புரூல் பதவி இழந்தார். 23 நாட்களில் அவரும் இறந்தார். ஃபிரெடரிக்கின் ஆணைப்படி 1758இலேயே அவருடைய ஃபோர்ட்டன் அரண்மனை எரிக்கப்பட்டிருந்தது, எல்பா கரையில் அவர் கட்டிய பெல்வெடேர் மண்டபமும் போரில் அழிந்தது. நூலகத்தை 1768இல் சாக்சனி அரசே வாங்கிக்கொண்டது. சுமார் 600 ஓவியங்கள் 1769இல் ரஷ்ய அரசி கேதரினிடம் போயின, அவற்றில் பல இன்று எர்மிட்டாஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அன்னப் பாத்திரங்களில் பெரும்பகுதி 1945இல் சிதறிப்போக, மிஞ்சியவை டிரெஸ்டனிலும் வார்சாவிலும் வேறு ஊர்களிலும் கண்ணாடிப் பேழைகளுக்குள் உள்ளன. அவரது தோட்டமாக இருந்த மதில்மேடையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது எந்தச் சாக்சனி அரசரும் அல்ல. நெப்போலியனின் படை தோற்றபின் அங்கே ஆளுநராக வந்த ரஷ்யர் ரெப்னின்தான் 1814இல் படிக்கட்டுக் கட்டி அதைத் திறந்தார். கோட்டை மதில் ஒரு மந்திரியின் சொந்தத் தோட்டமாக மாறியது எப்படி என்று தேடினால், 1739இல் தொடங்கி மன்னர் அடுத்தடுத்து எழுதிக்கொடுத்த கொடைகள் வந்து நிற்கும். புரூலின் மீதான வழக்கில் முதல் சாட்சியாக அவற்றைத்தான் அழைக்க வேண்டும். அவற்றின் கீழே இருக்கும் கையெழுத்து மன்னருடையது.